நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர்

தில்லை என்றதும் தமிழர் நெஞ்சில் பொன்னம்பலமே முதலில் எழும். ஆயினும் சிதம்பரம் கோயில் நகரமாக மட்டும் நின்றுவிடவில்லை. பள்ளிக்கூட நகரமாகவும் அது வளர்ந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பச்சையப்ப முதலியாரின் அறநிதியைக் கொண்டு ஒரு பள்ளி எழுந்தது. 1913இல் இராமசாமிச் செட்டியார் தம் பெயரால் விளங்கும் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். அவர்தம் இளவல் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்தார். அதுவே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தது.

கல்வி இவ்வாறு கொழித்த ஊரைச் சூழ்ந்து வயல்கள் கிடந்தன. கொள்ளிடமும் வீராணம் ஏரியும் ஊட்டி வளர்க்கும் நெல்வயல்கள் அவை. அவ்வயல்களில் உழுது, நட்டு, அறுத்து, களம் சேர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளிகளின் பலகையில் இடமில்லை. இந்தக் குறையைப் போக்க வந்தவர் சிதம்பரத்தாரும் அல்லர், செல்வரும் அல்லர். கையில் ஒன்றுமின்றி இருபதாம் அகவையில் ஊருக்குள் நுழைந்த ஓர் இளந்துறவி. அவரே சுவாமி சகஜானந்தர்.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கம் அவர் பிறந்த ஊர். 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. அன்றைய வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டோர் பலர். அவர்களுள் ஒரு பெருங்கூட்டம் மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. நிலத்தின் மேல் பண்ணைக்கு அடிமையாய் இருப்பதைக் காட்டிலும் நிலத்தின் அடியில் கூலிக்காரனாய் இருப்பது மேல் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். முனுசாமியின் குடும்பமும் அவ்வழியே சென்றது.

சிறுவனோ படிப்பின் பொருட்டுத் திண்டிவனத்தில் இருந்தான். அங்கே அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்து நன்கு படித்தான். விவிலியத்தில் அவனுக்கிருந்த தேர்ச்சியைக் கண்டு சிகாமணி என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் மதம் மாறும் கேள்வி எழுந்தது. மாணவன் இசையவில்லை. படிப்பு அத்துடன் நின்றது. அவன் கோலாருக்குப் பெற்றோரிடம் திரும்பினான்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் கிறித்தவத்துக்கு எதிரான வெற்றியாகப் பாடுவதுண்டு. அது அத்துணைப் பொருத்தமன்று. அந்நாளில் தீண்டாதார் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கைகளில் மிஷன் பள்ளிகளின் கைகள் முதன்மையானவை. அதனை மறுப்பது நன்றிகோறல். ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. உணவும் உறையுளும் கல்வியும் ஒருங்கே கிடைக்கும் இடம் ஒரு பிள்ளையை எப்படி மலர்விக்கும் என்பதையும், அவ்விடம் ஒருநாள் கைநழுவினால் அப்பிள்ளையின் நிலை என்னாகும் என்பதையும் முனுசாமி பதின்ம வயதிலேயே தம் உடம்பில் அறிந்திருந்தார். பிற்காலத்தில் அவர் கட்டிய பள்ளியின் அடித்தளத்தை இந்த அறிவில் காணலாம்.

கோலாரில் ஆன்மிக நாட்டம் பெருகியது. அங்கிருந்து சென்னைக்கு வந்து, வியாசர்பாடியில் மடம் அமைத்திருந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்தார். கையையே உண்கலமாகக் கொண்டு உண்டமையால் கரபாத்திரம் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. வேதாந்தத்தில் ஆழ்ந்த அப்பெரியார், வந்தவன் பிறந்த சேரியைக் கேட்டு வாயிலை அடைக்கவில்லை. தமிழும் வடமொழியும் சமய நூல்களும் அங்கே முனுசாமிக்குக் கைவந்தன. சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரை அளித்தவரும் அக்குருவே. மடத்தில் கற்பது பள்ளியில் கற்பதைப் போன்றதன்று. ஆசான் உண்ணுமிடத்தில் மாணவன் உண்பான். ஆசான் உறங்குமிடத்தில் உறங்குவான். பாடம் எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்று சொல்ல இயலாது. அம்முறையில் கற்ற இளைஞரைக் குரு 1910ஆம் ஆண்டில் சிதம்பரத்துக்கு அனுப்பினார்.

சிதம்பரத்தில் அவர் தங்கிய இடம் ஓமக்குளம். இந்த இடத்தின் சிறப்பை உணர்ந்தால்தான் அடுத்து நிகழ்ந்தவை விளங்கும். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப் போற்றும் நந்தனார், கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முழவுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்த தொண்டர். தில்லைக்கு வந்தும் ஊர் எல்லையைக் கடக்க அஞ்சி வலம் வந்தவர். அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அம்பலத்துள் புகுந்தார் என்பது புராணம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையில் பண்ணையாரான வேதியரையும், ஓரிரவில் விளைந்த நாற்பது வேலி நிலத்தையும் சேர்த்துக் கீர்த்தனையாக்கினார். தமிழகமெங்கும் நந்தன் கதை பாடப்பட்டது; சபைகளில் கேட்டோர் கண்ணீர் விட்டனர். கேட்டு முடித்து வீடு திரும்பியபின் தத்தம் பண்ணையில் இருந்த நந்தன்களை எப்படி நடத்தினர் என்பது வேறு கதை.

நந்தனார் தீக்குளித்த இடமென மக்கள் நம்பும் ஓமக்குளத்தின் அருகே சகஜானந்தர் நந்தனார் பெயரால் மடம் கண்டார். வழிபாடும் சொற்பொழிவும் நடந்தன. வயல்வேலை செய்யும் மக்கள் வந்து கூடினர். இந்த அளவில் நின்றிருந்தால் தமிழகத்தின் நூறு மடங்களுள் நூற்றோராவது மடமாக அது முடிந்திருக்கும். 1916ஆம் ஆண்டில் அவர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, 25 மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். துறவிக்கு அப்போது வயது இருபத்தாறு.

இருபத்தைந்து என்பது இன்று ஒரு வகுப்புக்கும் குறைவான எண்ணிக்கை. ஆனால் அந்த இருபத்தைந்து பிள்ளைகளைக் கொண்டு வந்து அமர்த்துவதில் இருந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய பண்ணை முறையில் தந்தை மட்டும் ஆளாக இருப்பதில்லை. மகன் திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய கடன் குடும்பத்தையே பிணைத்திருக்கும். எட்டு வயதுச் சிறுவன் பண்ணை மாட்டை ஓட்டிச் செல்வான். அவன் கூலி ஒரு வேளைக் கஞ்சி. நடவு வந்தால் தாய் வயலில் இருப்பாள். கைக்குழந்தையை மூத்த பெண் பார்த்துக்கொள்வாள். அறுப்பு வந்தால் குடும்பமே களத்தில் இருக்கும். இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பள்ளிக்கு வா என்றால், அந்த ஒரு வேளைக் கஞ்சியை யார் தருவது? உடுத்த ஒரு துணிதான் உண்டு. அதைத் துவைத்து உலர்த்தும்வரை எதைக் கட்டுவது? விளக்கில்லாத குடிசையில் இரவில் எதைப் படிப்பது? அரசாங்கம் சேரிகளில் திறந்த பள்ளிகள் இக்கேள்விகளை எழுப்பவில்லை. காலையில் மணியடித்தார்கள், வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள், வராதவர்களைக் கல்வியில் ஆர்வமற்றவர்கள் என்று எழுதி வைத்தார்கள்.

சகஜானந்தர் இக்கேள்விகளிலிருந்தே தொடங்கினார். பள்ளியின் ஒழுங்குக்குப் பிள்ளை இணங்கவேண்டும் என்று காத்திராமல், பிள்ளையின் வாழ்க்கையை முதலில் பார்த்து அதற்கேற்பப் பள்ளியை அமைத்தார். மடத்தில் தாம் கற்ற முறையையே பள்ளிக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். உணவும் உறைவிடமும் கல்வியும் ஓரிடத்தில். பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, பின்னர் எழுத்து. அதே மாவட்டத்தின் வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் சத்திய தருமசாலையின் அடுப்பை மூட்டிப் பசியாற்றுதலே முதல் அறம் என்று காட்டியிருந்தார். அந்த மண்ணில் அரை நூற்றாண்டு கழித்து எழுந்த பள்ளி ஒன்று சோற்றிலிருந்து தொடங்கியதில் வியப்பில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளிலும் கல்வியாளர் குழந்தையை நடுவில் நிறுத்திச் சிந்திக்கத் தலைப்பட்டிருந்தனர். மரியா மாண்டிசோரி 1907இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். இரவீந்திரநாதர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். ஓமக்குளத்துப் பள்ளிக்கும் அவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கெல்லாம் குழந்தை எப்படிக் கற்கிறது என்பது கேள்வி. இங்கே குழந்தை கற்க அமரும் வரையில் அதன்முன் எத்தனை சுவர்கள் நிற்கின்றன என்பதே கேள்வி.

பள்ளி வளர வளரப் பொருள் வேண்டியிருந்தது. துறவி நன்கொடைக்காகக் கையேந்தினார். சைவப் பெருமக்களுள் சிலர் உதவினர். வேறு சிலர் நந்தன் பெயரைப் புராணத்தில் மட்டும் கேட்க விரும்பினர். தொடக்கப் பள்ளி காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியாயிற்று. விடுதிகள் எழுந்தன. கைத்தொழிற் பயிற்சியும் இடம்பெற்றது. பெண்களுக்கெனத் தனிப்பள்ளியும் தோன்றியது. இந்தக் கடைசிச் செய்தியை விரைந்து கடந்துவிடக் கூடாது. மேல்தட்டு இல்லங்களிலேயே பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. நடவு வயலில் நிற்கவேண்டியவள் என்று பண்ணை கருதிய பெண்ணைப் பலகையின் முன் அமர்த்துவது பண்ணையாரையும் பெற்றோரையும் ஒருசேர எதிர்கொள்ளும் செயல். பெற்றோரிடம் வாதம் எடுபடாது, நம்பிக்கை வேண்டும். காவியுடுத்து, குடும்பமின்றித் தம் பிள்ளைகளோடு ஒரே வளாகத்தில் வாழும் ஒருவரிடம் அந்த நம்பிக்கையை வைக்க அவர்களால் முடிந்தது. அவரும் அதே குலத்தில் பிறந்தவர் என்பது அதற்கு மேலும் வலிவு தந்தது.

பள்ளிக்கு வெளியே அவர் நின்ற களம் சட்டசபை. 1926ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இறுதிவரை ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராகவே விளங்கினார். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சிதம்பரத்திலிருந்து காங்கிரசு வேட்பாளராக வெற்றி பெற்றார். தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். பள்ளிக்கு மானியமானாலும், குடியிருக்க மனையானாலும், தரிசு நிலமானாலும் கோப்புகள் மஞ்சக்குப்பத்து அலுவலகங்களின் வழியாகவே நகரும். தாழ்த்தப்பட்டோர் நலன் பேண 1920ஆம் ஆண்டு வாக்கில் தொழிலாளர் ஆணையர் துறை அமைக்கப்பட்டபோது, பள்ளி திறப்பதும் மனை வாங்கித் தருவதும் அதன் பணிகளாயின. அத்துறையின் வேலை எங்கே தடைப்படுகிறது என்பது சென்னையில் அமர்ந்திருப்போர்க்குத் தெரியாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு சேரியையும் அறிந்தவர்க்கே தெரியும். பிள்ளைகளுக்கு உதவித்தொகை, விடுதி, பொதுப் பள்ளிகளில் இடம், குடிசைக்கு மனை என அவர் அவையில் எழுப்பியவை பெரும்பாலும் சிறிய, திட்டமான கேள்விகளே. அவ்வுரைகள் பிற்காலத்தில் நூலாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. மேடை முழக்கத்தை அவற்றில் தேடுவோர் ஏமாறுவர். ஒரு தலைமையாசிரியர் தம் பள்ளிக் கணக்கைப் பார்ப்பது போன்ற குரல் அது.

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டுச் செப்டம்பரில் சிதம்பரம் வந்தபோது நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். நந்தனாரை அறப்போராளியாகக் கண்டவர் அவர். ஆதலால் அவ்வருகை இயல்பாக அமைந்தது. சகஜானந்தர் காங்கிரசின்பால் ஈர்க்கப்பட்டதும் இத்தொடர்பால் வலுப்பெற்றது.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தீண்டாதார் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி அமைத்தது சரிதானா? திருவிதாங்கூரில் ஐயன்காளி வேறு வழியில் சென்றார். புலையர் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். தம் பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்பது அப்போராட்டத்தின் கருத்து. அவ்வழியோடு ஒப்பிட்டு, சகஜானந்தர் ஊருக்கு நோகாத வழியைத் தேர்ந்தார் என்று குறை கூறுவோர் உண்டு. நந்தனார் பள்ளி ஒன்று இருக்கிறதே, அங்கே போகலாமே என்று சொல்லிப் பிற பள்ளிகள் தம் கதவைச் சாத்திக்கொள்ள அது வழிசெய்தது என்பது அவர்கள் வாதம். தீயில் மூழ்கித் தூய்மையடைந்தால்தான் அம்பலம் என்னும் கதையின் நாயகன் பெயரையே பள்ளிக்கு வைக்கலாமா என்பது இன்னொரு வாதம். சுயமரியாதை இயக்கத்தாரும் அம்பேத்கர் வழியினரும் எழுப்பிய இவ்வினாக்கள் புறந்தள்ளத் தக்கவை அல்ல.

ஆயினும் அவர்தம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். தனிப்பள்ளி நடத்திக்கொண்டே பொதுப் பள்ளிகளில் இடம் கேட்டவர் அவர். இரண்டும் முரண் எனத் தோன்றலாம். கதவு திறக்கும்வரை பிள்ளை வெளியில் நின்று முதியவனாகிவிடக் கூடாது என்னும் கவலையோடு பார்த்தால் முரண் தோன்றாது. ஒரு பிள்ளைக்குப் படிக்கும் பருவம் பத்தாண்டுகளே. போராட்டம் வெல்ல முப்பதாண்டு ஆகலாம். சட்டங்களின் வரலாறே இதற்குச் சான்று. அனைவரும் கோயிலுள் புகும் உரிமையைச் சென்னை மாகாணத்தில் முழுமையாக உறுதிசெய்த கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. 1916இல் அவர் முன் அமர்ந்த இருபத்தைந்து சிறுவர்களும் அப்போது நடுவயதினர். அதுவரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நந்தன் பெயரைப் பொறுத்தவரை, தம் குலத்துப் பிள்ளைகளுக்கு ஊரார் இட்ட இழிபெயர்களுக்கு மாற்றாக, ஊராரே கைகூப்பும் ஒரு பெயரை அவர் எடுத்தளித்தார் என்று கொள்ள இடமுண்டு. அது போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சைவ ஒழுக்கத்தைப் பிள்ளைகள் மீது சற்று மிகுதியாகவே ஏற்றினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மத மாற்றத்தின் பெயரால் படிப்பை இழந்த ஒருவர், தம் பள்ளியில் வேறொரு சமய நெறியை வற்புறுத்தியது எண்ணத் தக்கதே. துறவியிடம் வேறு எதிர்பார்ப்பதும் எளிதன்று.

இத்தனைக்கும் நடுவில் பள்ளி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சேரிகளில் நாலு எழுத்து எழுதத் தெரிந்த முதல் தலைமுறை தோன்றியது. ஒரு சேரியில் ஒருவன் கடிதம் படிக்கத் தெரிந்தவனாகிவிட்டால் அங்கே எல்லாம் மெல்ல மாறும். கடன் பத்திரத்தில் கைநாட்டு இடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறான். பட்டா எவர் பெயரில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிகிறது. பண்ணையாருக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் இருந்த அச்சம் வீணானதன்று.

தம் கருத்துகளைப் பரப்ப அவர் இதழும் நடத்தினார்; திருமுறை பயில்வித்தார்; ஊர் ஊராகச் சொற்பொழிந்தார். எனினும் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் மாலையில் திரும்பிவந்து சேர்ந்த இடம் அந்தப் பள்ளி வளாகமே. சட்டசபை உறுப்பினர் என்னும் தகுதி வந்தபின்னும் அவர் சென்னைவாசி ஆகிவிடவில்லை. சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு அவர் சாமி. மதிப்புடன் அவ்வாறே அழைத்தனர்.

1959ஆம் ஆண்டு மே முதல் நாள் சுவாமி சகஜானந்தர் மறைந்தார். அகவை அறுபத்தொன்பது. அவற்றுள் நாற்பத்தொன்பது ஆண்டுகள் சிதம்பரத்துக்கு உரியவை. சொத்தென்று சொல்லத் தம் பெயரில் குடும்பமோ வழித்தோன்றலோ இல்லை.

அவர் தொடங்கிய பள்ளிகள் பின்னர் அரசின் பொறுப்பில் வந்தன. நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, நந்தனார் பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்னும் பெயர்களோடு அவை சிதம்பரத்தில் நடைபெற்று வருகின்றன. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டுக் கடலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் அமைந்தபின், அவ்வட்டாரத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் பலருக்கு அவ்விடுதிகளே இல்லமாயின. தமிழ்நாட்டரசு அவருக்குச் சிதம்பரத்தில் மணிமண்டபம் எழுப்பியுள்ளது. ஆண்டுதோறும் சனவரி 27ஆம் நாள் ஓமக்குளத்தில் மக்கள் கூடுகின்றனர். அவருடைய பள்ளியில் படித்து ஆசிரியராகவும் அலுவலராகவும் ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கூட்டத்தில் நிற்பதைக் காணலாம்.